7,20,720-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

டியூஷனில் புதிதாகச் சேரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் போர்டில் எழுதும் எண் 7,20,720. எழுதி முடிப்பதற்குள் 2-ஆல் வகுத்து வகுத்து ஏணி மாதிரி இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அரைப் பக்கம் போனதும் எங்கேயாவது ஒரு கழித்தல் தப்பிவிடும். பேனாவைக் கீழே வையுங்கள், முதலில் எண்ணைப் பாருங்கள் என்பேன்.

நாம் லட்சக் கணக்கில் காற்புள்ளி வைக்கிறோம். அதுதான் கண்ணை மறைக்கிறது. அதை அழித்துவிட்டு வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகக் கோடு போடுங்கள்: 720 | 720. ஒரே எண் இரண்டு தடவை! அப்படியானால் இது 720 × 1001. அந்த 1001 என்பது 7 × 11 × 13.

இந்த 1001-ஐ மனப்பாடமே செய்துகொள்ளலாம், மற்ற எண்களுக்கும் உதவும். ஒருநாள் ஒரு மாணவி 4,58,731 என்று கொடுத்தாள். கோடு போட்டால் 458 | 731. கழித்தால் 273. 7, 11, 13 இவற்றில் எது 273-இல் மீதியில்லாமல் போகிறதோ, அது முழு எண்ணிலும் போகும். 273 = 3 × 7 × 13. ஆக 7 போகும், 13 போகும், 11 போகாது. இங்கே வந்த 3-ஐ நம்பாதீர்கள். 1001-க்குள் 3 இல்லை. அதற்கு இலக்கங்களைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்: 28, போகாது. சரி, 7 × 13 = 91-ஆல் வகுத்தால் ஈவு 5041. வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவள், 71 × 71 என்று கண்டதும் பெஞ்சைத் தட்டிவிட்டாள்.

நம் எண்ணுக்கு வருவோம். 720 = 2⁴ × 3² × 5. எனவே 7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. காரணிகள் எத்தனை என்று அறிய, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஏன் 1 கூட்டுகிறோம்? ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ ஒரு தடவைகூட எடுக்காமலும் விடலாம். ஆக 0 முதல் 4 வரை ஐந்து வழி.

இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. 6,65,280-க்குக்கூட 224தான். இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. 17-ஆல் வகுத்தால் 5 மீதி. முழு வர்க்கமா என்றால் இல்லை; 5, 7, 11, 13 நான்கும் ஒற்றையாக நிற்கின்றன. அவற்றுக்கு ஜோடி சேர்க்க 5005-ஆல் பெருக்குங்கள், 60,060-இன் வர்க்கம் வரும்.

வீட்டுக்கணக்காக 3,60,360-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.