மிளகாய் இலை சுருளுதா? விவசாயப் போதனாசிரியருக்குப் படம் அனுப்பும் முறை

“இலை சுருளுது, என்ன மருந்து அடிக்க?” என்ற ஒரு வரியும் மங்கலான ஒரு படமும் போதாது. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்), கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி (மைற்). ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றதைக் கொல்லாமல் போகலாம். காசும் போய், பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் போய்விடும்.

1. உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரின் வட்ஸ்அப் இலக்கத்தைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். இலங்கை விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம், ஆனால் குரல் அழைப்பில் இலையைக் காட்ட முடியாது.

2. காலை வெயில் ஏறமுன் நான்கு படங்கள் எடுங்கள்: தோட்டம் முழுவதும், ஒரு முழுச்செடி, இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம். அடிப்பக்கத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், பூச்சி இருப்பதோ அங்கேதான். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, திரையில் இலையைத் தொட்டு, தெளிவானபின் அமத்துங்கள். இன்னும் கிட்டக் கொண்டுபோனால் பல போன்களில் படம் மங்கிவிடும். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். செடி வாடியிருந்தால் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரையும் எடுங்கள். காய்ந்து கருகியதை விட்டு, இப்போதுதான் நோய் தொடங்கிய செடியைத் தெரிவுசெய்யுங்கள்.

3. வெள்ளைத் தாளின் மேல் நுனிக்குருத்தைத் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கீறுபோல ஊர்ந்தால் பனிப்பூச்சி. பத்து விநாடி வீடியோ எடுங்கள். சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்கு அகப்படாது, ஆகவே தாளில் ஒன்றும் இல்லையென்று பூச்சியே இல்லை என முடிவுகட்ட வேண்டாம்.

4. படங்களை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, சிறு புள்ளிகளை அழித்துவிடும்.

5. கூடவே ஒரு குரல்பதிவு: எந்த ஊர், எத்தனை பரப்பு, நட்டு எத்தனை நாள், ஓரத்திலா நடுவிலா தொடங்கியது, கடைசியாக என்ன பசளை போட்டது, எந்த மருந்தை 16 லீற்றர் தாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர் கலந்து, எப்போது அடித்தது. அடித்ததை மறைத்தால் அதே மருந்தையே திரும்பவும் சொல்லக்கூடும். போத்தல் லேபிளையும் படமெடுங்கள். கடைப்பெயர் மாறினாலும் உள்ளிருக்கும் இரசாயனம் ஒன்றாக இருக்கலாம்.

பதில் வந்ததும் மருந்தின் பெயர், அளவு, அடித்தபின் அறுவடைக்கு விடவேண்டிய நாட்கள் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை அப்படியே பக்கத்துத் தோட்டக்காரருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய இலை எந்தப் பக்கம் சுருண்டதோ தெரியாது.