வேலை இடத்தில் திட்டினாலோ கை ஓங்கினாலோ அன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

வேலையில் தப்பு நடந்தால் மேலே இருப்பவர் கண்டிக்கலாம், அது அவர் பொறுப்பு. நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டுவது, வீட்டாரை இழுத்துப் பேசுவது, கையில் கிடைத்ததைத் தூக்கி வீசுவது, சட்டையைப் பிடிப்பது எல்லாம் எந்தக் கணக்கிலும் கண்டிப்பில் சேராது. அடி விழுந்தால்தான் வன்முறை என்று பலர் பொறுத்துக்கொண்டே போகிறார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை அப்படிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை நடந்தாலும், வெறும் மிரட்டலாக இருந்தாலும் அதில் அடங்கும், பயிற்சிக்கு வந்தவருக்கும் வேலை கேட்டு வந்தவருக்கும் கூடப் பாதுகாப்பு உண்டு, வேலை விஷயமாக ராத்திரியில் போனில் வரும் வசவும் அதற்குள் வரும்.

முதலில் அந்த நேரத்தில் என்ன செய்வது. வாய்க்கு வாய் கொடுக்காதீர்கள், அவர் பேசிய அரைமணி நேரப் பேச்சு மறைந்துபோய் நீங்கள் பதிலுக்குச் சொன்ன ஒரு சொல் மட்டும் விசாரணையில் வந்து நிற்கும். "இப்படிப் பேசினால் என்னால் இங்கே நிற்க முடியாது, அப்புறம் பேசலாம்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நகருங்கள். கைக்கு எட்டாத தூரத்தில், கதவுக்குப் பக்கமாக நில்லுங்கள். அடித்துவிடுவார் என்று தோன்றினால் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், வெளியே போய்விட்டு அப்புறம் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

அடுத்ததுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: அன்றைக்கே எழுதி வையுங்கள். "மேலாளர் மோசமாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. இப்படி எழுத வேண்டும்:

"செவ்வாய் (தேதி), மாலை 4.10, ஸ்டோர் ரூம் வாசல். 'முட்டாளே, உன்னை இன்றைக்கே வெளியே தள்ளுகிறேன்' என்றார் மேலாளர் (பெயர்). ஸ்டாக் ரிஜிஸ்டரை வீசினார், என் இடது தோளில் பட்டது. அப்போது பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் (பெயர்கள்). நான் பதில் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்."

தேதி, பெயர், சொன்ன சொல் எல்லாம் இருக்க வேண்டும். கூச்சப்பட்டு கெட்ட வார்த்தையை விட்டுவிடுகிறோம், அல்லது "தகாத வார்த்தை" என்று பூசி மெழுகிவிடுகிறோம், அப்படிச் செய்யாதீர்கள், அவர் வாயில் வந்தது வந்தபடியே தாளில் இருக்கட்டும், வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. எழுதியதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டால் எந்த நாளில் எழுதினீர்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருந்தால் வேலையை விட்டு நிறுத்திய அன்றே அது கை நழுவிப் போய்விடும். ஆனால் கம்பெனியின் ரகசியக் கோப்புகளை இதோடு சேர்த்து எடுக்காதீர்கள், அதையே காரணம் காட்டி உங்கள் மேல் திருப்பிவிடுவார்கள். பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது சில நாடுகளில் குற்றம், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் பட்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள், எப்படிப் பட்டது என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். காயத்தைப் படம் எடுங்கள். காவல்துறையில் புகார் கொடுக்க நிர்வாகத்தின் சம்மதம் தேவையில்லை. சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடக்கூடியது, அதனால் குறிப்பிட்ட நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். எச்ஆரிடம் (பணியாளர் விஷயங்களைப் பார்க்கும் பிரிவிடம்) வாயால் சொன்னால் சொல்லவே இல்லை என்றாகிவிடும், நேரில் பேசிவிட்டு வந்தாலும் "இன்று நான் உங்களிடம் சொன்னது இது" என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளரோ நோயாளியின் உறவினரோ செய்தாலும் இதே வழிதான். "கஸ்டமர் அப்படித்தான் இருப்பார்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள், உங்களைக் காப்பது நிறுவனத்தின் வேலை.

கோபத்தில் அன்றைக்கே ராஜினாமா எழுத வேண்டாம். எழுதிவிட்டால் "அவராகத்தான் போனார்" என்று முடித்துவிடுவார்கள். தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புகாருக்குப் பிறகு திடீரென்று ஷிப்ட் மாறுகிறதா, விடுப்பு மறுக்கப்படுகிறதா, அதையும் அதே நோட்டில் தேதியோடு சேருங்கள்.

பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2021-இல் 121 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், வேலையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு வன்முறையையோ துன்புறுத்தலையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அதனால் அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று மாலையே தனியாகப் போய் "நான் பார்த்தேன், கேட்டால் சொல்வேன்" என்று சொல்லுங்கள், நீங்கள் பார்த்ததை நீங்களும் தனியாக எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள்.