கலைக்கப்பட்ட ஸ்காட்லாந்துத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி? கோவனை வைத்துப் பார்ப்போம்

இன்றைக்கு இல்லாத ஒரு தொகுதியின் பெயரைத் தேடினால் முதலில் ஓர் அட்டவணைதான் கிடைக்கும். ஆண்டு, ஜெயித்தவர், கட்சி, வாக்கு வித்தியாசம். அதை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு ‘இது இத்தனை வருஷம் இன்ன கட்சியின் கோட்டை’ என்று எழுதிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், தப்பும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர் மாறாமல் இருக்கும், நிலம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் நிலத்தைப் பிடியுங்கள், எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது கிளாஸ்கோ கோவன். கிளைடு ஆற்றின் தென்கரையில் கப்பல் கட்டும் தளங்களை நம்பி வளர்ந்த ஊர். எழுத்தைப் பார்த்துக் கோவன் என்று வாசிக்கிறோம், ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் கவன் என்றுதான் காதில் விழும். வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு 1885 முதல் 2005 வரை அங்கிருந்து ஒரு உறுப்பினர் போனார். இந்த 120 ஆண்டுகளில் ஒரு தொகுதி வரலாற்றில் வரக்கூடிய சிக்கல் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிட்டது, பழகுவதற்கு இதைவிட நல்ல தொகுதி கிடைக்காது.

முதல் கேள்வி: எந்த நாடாளுமன்றம்? 1999-ல் எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஆரம்பித்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிகளின் பெயரையும் எல்லையையும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஆறு வருஷத்துக்கு ஒரே பெயரில் இரண்டு கோவன்கள் இருந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் கோவன் 2005-ல் போனது, ஹோலிரூட் (ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைச் சொல்லும் பெயர்) கோவன் 2011 வரை இருந்தது. பின்னாளில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரான, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் நிக்கோலா ஸ்டர்ஜன் 1997-ல் வெஸ்ட்மின்ஸ்டர் கோவனில் நின்று லேபரின் முகம்மது சர்வாரிடம் 2,914 வாக்கில் தோற்றார். 1999-லும் 2003-லும் ஹோலிரூட் கோவனில் கார்டன் ஜாக்சனிடம் தோற்றார், 2007-ல் அதே ஜாக்சனை 744 வாக்கில் தோற்கடித்தார். இந்த நான்கையும் ஒரே அட்டவணையில் போட்டால் ‘நாலாவது முயற்சியில் ஜெயித்தார்’ என்று ஒரு அழகான கதை கிடைக்கும். கதை அழகாக இருக்கிறது, ஆனால் அவை இரண்டு வேறு சபைகள், முதல் தேர்தலில் எதிரே நின்றவரும் வேறு.

பின்பக்கமும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. ‘கிளாஸ்கோ கோவன்’ என்று மட்டும் தேடினால் 1918-க்கு முந்தைய 33 ஆண்டுகள் நழுவிவிடும். கோவன் 1912 வரை கிளாஸ்கோவோடு சேராத தனி நகராட்சி. தொகுதியின் அன்றைய பெயர் லேனார்க்‌ஷயரின் கோவன் பிரிவு. பழைய ஸ்காட்லாந்துத் தொகுதி எதுவானாலும் மாவட்டப் பெயரிலும் நகரப் பெயரிலும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

அடுத்த வேலை, ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் எல்லை மாறிய ஆண்டுகளை மட்டும் எழுதுவது. ஸ்காட்லாந்துக்குப் பொதுவாக 1832, 1868, 1885, 1918, 1950, 1955, 1974 பிப்ரவரி, 1983, 1997, 2005, 2024. ஒவ்வொரு ஆண்டுக்கும் கீழே குறுக்கே ஒரு கோடு. வெற்றி பெற்றவர்களின் பெயரை எழுதுவதற்கு முன்னால் இந்தக் கோடுகள் விழுந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை தானாகவே பெயர்களை ஒரே வரிசையாக எழுதிக்கொண்டு போய்விடும். கோடு விழுந்த ஒவ்வொரு ஆண்டிலும் உங்கள் தொகுதி உண்மையிலேயே மாறியதா என்று பார்க்க எல்லை ஆணையத்தின் அறிக்கையும் சட்டத்தின் அட்டவணையும் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடப் பக்கத்தில் பழைய எல்லை வரைபடங்களையே பெரிதாக்கிப் பார்க்கலாம். வரைபடத்தைவிட எனக்குப் பிடித்தது வார்டுப் பட்டியல்தான், எந்தத் தெரு போனது, எந்தத் தெரு வந்தது என்று அதில்தான் பிடிபடும்.

கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும்? 1918 முதல் 1950 வரை 32 ஆண்டுகள் கோவன் லேபரின் நீல் மக்லீன் கையில். 1950-ல் கன்சர்வேட்டிவ் தரப்பின் ஜாக் பிரவுன் ஜெயிக்கிறார். 1955-ல் மறுபடி லேபர், ஜான் ராங்கின். மேலோட்டமாகப் பார்த்தால் கப்பல் தொழிலாளர்கள் ஐந்து வருஷம் மனம் மாறிப் பிறகு திருந்தினார்கள் என்று தோன்றும். கோடு போட்ட தாளில் பார்த்தால் பிரவுன் உள்ளே வந்ததும் வெளியே போனதும் எல்லை மாறிய அதே ஆண்டுகள். 1955-ல் அவர் தோற்கவும் இல்லை, பக்கத்தில் கிரேக்டன் தொகுதிக்குப் போய்விட்டார். ராங்கினும் கலைக்கப்பட்ட டிரேட்ஸ்டன் தொகுதியிலிருந்து இடம் பெயர்ந்து வந்தவர்தான்.

ஆகவே மனிதர்களையும் தொகுதிக்கு வெளியே கொஞ்ச தூரம் துரத்திப் போங்கள், சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது. கிரேக்டனுக்குப் போன பிரவுனை 1959-ல் லேபரின் புரூஸ் மில்லன் தோற்கடித்தார். தோற்ற பிரவுனுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது, அவர் வைத்துக்கொண்ட பெயர் பாரன் கிரேக்டன். பறிகொடுத்த தொகுதியின் பெயரையே பட்டமாகச் சூடிக்கொண்டார்! அந்த மில்லன் கிரேக்டன் கலைக்கப்பட்டதும் 1983-ல் எங்கே வந்து நின்றார் தெரியுமா? கோவனில்.

மூன்றாவதாக, பொதுத்தேர்தலுக்கு ஒரு பத்தி, இடைத்தேர்தலுக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுங்கள், ஒவ்வொரு இடைத்தேர்தலுக்கும் எதிரே ஏன் வந்தது என்ற காரணத்தையும் எழுதுங்கள். முதல் உறுப்பினர் வில்லியம் பியர்ஸ் இறந்ததால் 1889-ல் ஒன்று. வில்லியம் ஹண்டர் நீதிபதியானதால் 1911-ல் ஒன்று. ராங்கின் இறந்ததால் 1973-ல் ஒன்று. மில்லன் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனதால் 1988-ல் ஒன்று. வேறு தொகுதிகளில் 1926-க்கு முந்தைய காலத்தைத் தோண்டுகிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் எட்டிப் பார்க்கும்: அன்றைக்கு அமைச்சர் பதவி ஏற்பவர் தன் தொகுதியில் மறுபடி நின்று ஜெயிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த மாதிரி இடைத்தேர்தலில் போட்டியே இல்லாமலும் போகும். வாக்கு எண்ணிக்கை காலியாக இருந்தால் தகவல் விட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிப் பிரித்து வைத்த உடனே கோவனின் உண்மையான குணம் தெரிந்துவிடும். 1973 நவம்பர் 8 இடைத்தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் மார்கோ மெக்டொனால்டு 571 வாக்கில் ஜெயித்தார். அதற்கு எட்டு நாள் முன்புதான் ஸ்காட்லாந்துக்குத் தனி அவை வேண்டும் என்று சொன்ன கில்பிராண்டன் ஆணைய அறிக்கை வெளியாகியிருந்தது. நாலு மாசம்கூட ஆகவில்லை, 1974 பிப்ரவரிப் பொதுத்தேர்தலில் லேபரின் ஹாரி செல்பியிடம் 543 வாக்கில் தோற்றார். 1988 நவம்பர் 10 இடைத்தேர்தலில் அதே கட்சியின் ஜிம் சில்லர்ஸ் 3,554 வாக்கில் ஜெயித்தார், 1992 பொதுத்தேர்தலில் லேபரின் இயன் டேவிட்சனிடம் 4,125 வாக்கில் தோற்றார். வெஸ்ட்மின்ஸ்டர் கோவன் இருந்த 120 ஆண்டில் அந்தக் கட்சி ஒரு பொதுத்தேர்தலில்கூட அங்கே ஜெயித்ததில்லை. ‘தேசியவாதிகளின் கோட்டை’ என்று கோவனைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் இந்த ஒரு வரி போதும். (571-ஐயும் 543-ஐயும் நானே ஒரு தடவை மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், குறித்துக்கொள்ளும்போது ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.)

மார்கோவும் சில்லர்ஸும் 1981-ல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால் ‘மனைவி ஜெயித்த தொகுதியில் 15 வருஷம் கழித்துக் கணவர்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். தப்பில்லை. ஆனால் இடையில் உங்கள் தாளில் 1974, 1983 என்று இரண்டு கோடுகள் கிடக்கின்றன.

இப்போது எண்களுக்கு வரலாம். 1988 முடிவைப் பற்றி எழுதும் எல்லோரும் 33 சதவீத ஸ்விங், அதாவது ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வாக்குச் சாய்வு, என்பார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு எந்தத் தொகுதியும் பயமுறுத்தாது. 1987 பொதுத்தேர்தலில் மில்லன் 24,071, எஸ்.டி.பி. (சோஷியல் டெமாக்ரடிக் கட்சி) 4,562, கன்சர்வேட்டிவ் 4,411, தேசியக் கட்சி 3,851, கம்யூனிஸ்ட் 237. கூட்டினால் 37,132. லேபர் 64.8 சதவீதம், தேசியக் கட்சி நாலாவது இடத்தில் 10.4 சதவீதம். அடுத்த ஆண்டு சில்லர்ஸ் 14,677, அதாவது 48.8 சதவீதம், லேபரின் பாப் கில்லெஸ்பி 11,123, கிட்டத்தட்ட 37 சதவீதம். ஒருவர் ஏறியது 38.4, மற்றவர் இறங்கியது சுமார் 28. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 33 சொச்சம். அவ்வளவுதான் ஸ்விங்.

ஆனால் சதவீதத்தோடு நிறுத்தாமல் தலைகளையும் எண்ணுங்கள். லேபர் இழந்தது 12,948 வாக்கு, தேசியக் கட்சிக்குக் கூடியது 10,826. மொத்த வாக்குகளும் 37,000-லிருந்து சுமார் 30,000-க்கு இறங்கியிருந்தன. ஆக லேபர் ஆட்கள் அத்தனை பேரும் கட்சி மாறினார்கள் என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது, கணிசமானவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். 1987-ல் ஸ்காட்லாந்தின் 72-ல் 50 இடங்களை லேபர் ஜெயித்திருந்தும், லண்டனில் ஆண்ட கன்சர்வேட்டிவ் அரசின் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று போடும் வரி) ஸ்காட்லாந்துக்கு மட்டும் முதலில், 1989 ஏப்ரலில், வரவிருந்த நேரம் அது; அந்தக் கோபத்தில் ஓட்டை மாற்றிப் போடுவதும் நடக்கும், ஓட்டே போடாமல் இருப்பதும் நடக்கும்.

டெபாசிட் கணக்கும் இந்த இடத்தில் உதவும். 1985 வரை எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் தாண்டினால்தான் டெபாசிட் மிஞ்சும், அதன்பிறகு 5 சதவீதம். பழைய விதி இருந்திருந்தால் 1987 கோவனில் மில்லனைத் தவிர எல்லோருக்குமே டெபாசிட் காலி, இரண்டாமிடம் வந்த எஸ்.டி.பி.க்கே 12.3-தான். அவ்வளவு பத்திரமான தொகுதி அடுத்த வருஷமே கைமாறியது என்று எழுதினால் 33 சதவீதம் என்பதைவிட வாசிப்பவருக்கு நன்றாக உறைக்கும்.

பெயர் விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912 முதல் 1965 வரை ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ் தரப்பின் பெயர் யூனியனிஸ்ட், புதுக் கட்சி வந்ததாக நினைத்துக் குழம்ப வேண்டாம். 1910 வாக்குகளையும் 1918 வாக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள், நடுவில் 30 வயது தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்கும் அதுவரை ஓட்டு இல்லாத ஆண்களுக்கும் உரிமை வந்துவிட்டது. 1935-க்கும் 1945-க்கும் இடையே பொதுத்தேர்தல் கிடையாது. டண்டீ போன்ற தொகுதிகள் 1950 வரை இரண்டு உறுப்பினர்களை அனுப்பின, ஒருவருக்கு இரண்டு ஓட்டு, அங்கே சதவீதம் போடும் முறையே வேறு. 1922-ல் சர்ச்சில் டண்டீயில் நாலாவதாக வந்த கணக்கைப் பார்த்தால் புரியும்.

எண்ணிக்கைக்கு நடுவே அந்த ஊரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், படத்திலாவது. கோவன் கிராஸ் பக்கத்தில் இரண்டு சிலைகள் நிற்கின்றன. ஒன்று 1885-ல் ஜெயித்த கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பியர்ஸ், கப்பல் தளத்தின் முதலாளி. ஊரில் அந்தச் சிலைக்குப் பெயர் ‘கருப்பு மனிதன்’. இன்னொன்று 2018-ல் வைத்தது, 1915 வாடகைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய மேரி பார்பர். வீட்டுக்காரர்கள் போர்க்காலத்தில் வாடகையை ஏற்றியபோது பெண்கள் திரண்டு மறுத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. 1918-ல் கிளாஸ்கோவில் லேபர் ஜெயித்த ஒரே தொகுதி கோவன். முதலாளியே உறுப்பினராக இருந்த தொகுதி அந்த நிலைக்கு எப்படி வந்தது என்பதற்கு அட்டவணையில் விடை இருக்காது, அந்த இரண்டு சிலைகளுக்கு நடுவே நடந்து பார்த்தால் பாதி கிடைக்கும்.

கடைசி வேலை, கலைக்கப்பட்ட நிலம் எங்கே போனது என்று பார்ப்பது. 2005-ல் ஸ்காட்லாந்தின் தொகுதிகள் 72-லிருந்து 59 ஆனபோது கோவனின் பெரும்பகுதி கிளாஸ்கோ தென்மேற்கிலும் கிளாஸ்கோ சென்ட்ரலிலும் சேர்ந்தது. 1992-ல் கோவனை மீட்ட டேவிட்சன், நடுவில் பாலக் தொகுதிக்குப் போயிருந்தவர், இப்போது தென்மேற்கின் உறுப்பினராகக் கோவன் தெருக்களுக்குத் திரும்பி வந்தார், 2015-ல் தேசியக் கட்சியிடம் தோற்றார். சர்வார் சென்ட்ரலுக்குப் போனார், 2010-ல் அவருடைய மகன் அனஸ் சர்வார் அங்கே வந்தார். சென்ட்ரலும் 2024-ல் கலைக்கப்பட்டுவிட்டது. அதைத் தோண்டப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று: 1885 முதல் 1997 வரை அதே சென்ட்ரல் என்ற பெயரில் வேறொரு தொகுதி இருந்தது, போனர் லா பிரதமராக இருந்தபோது உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய சென்ட்ரலில்.