ஆறு டிஸ்க் மாட்டினேன், ஐந்துதான் தெரிந்தது

ஆறு 4 டிபி டிஸ்க்குகளை வைத்து ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) அமைக்க உட்கார்ந்தேன். இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, கணக்குப்படி 16 டிபி இடம் கிடைக்கும். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரையில்) ஐந்துதான் தெரிந்தன. கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன். தெரியாத டிஸ்க்கை வேறு கணினியில் போட்டால் ஜம்மென்று ஓடியது. மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் உறைத்தது: எந்த டிஸ்க்கை மாட்டினாலும் மதர்போர்டின் ஐந்தாம் சாட்டா போர்ட் (டிஸ்க் கேபிள் செருகும் இடம்) மட்டும் செத்துக் கிடந்தது. மதர்போர்டு கையேட்டில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: எம்.2 ஸ்லாட்டில் (பட்டையான சிறு எஸ்எஸ்டி செருகும் இடம்) சாட்டா வகை எஸ்எஸ்டி இருந்தால் ஐந்தாம் போர்ட் இயங்காது. என் லினக்ஸ் இருந்ததே அப்படி ஒன்றில்தான்! பார்க்க என்விஎம்இ (சாட்டா பாதையைத் தொடாத இன்னொரு வகை எஸ்எஸ்டி) மாதிரியே இருக்கும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா.

என்விஎம்இ வாங்கி மாற்றினேன், ஆறும் வந்தன. ரெய்டு ஒத்திசைந்து முடிய விடிந்துவிட்டது.