பழைய மரத்தில் பூத்தொட்டி: ஒரே மழையில் பல்லிளிக்க வைக்கும் தவறுகள்

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஓட்டு வீட்டை இடித்தால் கதவு, சன்னல், கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் கூரைச் சட்டம்) எல்லாம் நேராகப் பழைய மரக்கடைக்குப் போய்விடும். அதில் நாலு பலகை வாங்கி, வாசலில் கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் வளர்க்க ஒரு பெட்டி அடிக்கலாம் என்று பலருக்கும் ஆசை. ஆசாரியைக் கூப்பிடாமலே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் குமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று வருடத்தில் பாதிக்கு மேல் ஈரம். மழை குறைந்த ஊர்க்காரர் செய்து காட்டும் பெட்டியை அப்படியே பார்த்துச் செய்தால் இங்கே கட்டுப்படியாகாது.

பழைய மரம் என்றாலே உறுதி என்று நம்புவதில்தான் தவறு தொடங்குகிறது. தேக்கு, அயினி, பலா ஆகியவற்றில் வைரம் பாய்ந்த பகுதிதான் மழையைத் தாங்கும். ஓரத்தில் இருக்கும் வெளிறிய வெள்ளை தேக்காக இருந்தாலும் உளுத்துப்போகும். வாங்கும்போது கத்தி முனையால் ஓரத்தைக் குத்திப் பாருங்கள். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினாலோ, துளையிலிருந்து மாவு கொட்டினாலோ அந்தப் பலகை வேண்டாம். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரப் பலகையையும் தொட்டிக்கு எடுக்காதீர்கள். பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. மருந்து ஏற்றிய ரப்பர் மரம் என்பார்கள். வழக்கமாக ஏற்றுவது போரான் உப்புதான். வீட்டுக்குள் கிடக்கும் நாற்காலிக்கு அது சரி, மழையில் கரைந்து வெளியேறிவிடும். பிளைவுட் பேச்சே வேண்டாம்.

சரக்குப் பெட்டிப் பலகை கிடைத்தால் அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றால் வெப்பமேற்றியது: மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைத்திருப்பார்கள். அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தவிர்த்துவிடுங்கள். பழைய கதவின் பெயின்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கிறதோ, தேய்த்தால் அத்தனையும் தூசியாக மூக்கில் ஏறும். பெயின்ட் உரிந்த பலகையை விட்டுவிட்டு, பெயின்டே காணாத கழுக்கோலை எடுப்பது நல்லது.

மரம் சரியாக அமைந்த பிறகும் பெட்டியைத் தின்பது தேங்கும் தண்ணீர்தான். எல்லாரும் செய்வது இது: பலகை நனையக்கூடாது என்று உள்ளே பாலித்தீன் விரித்து, அடியையும் சேர்த்து மூடிவிடுவார்கள். இரண்டு மழையில் பெட்டி கிணறாகிவிடும், வேர் அழுகும். தாளுக்கும் பலகைக்கும் நடுவே புகுந்த ஈரம் வெயிலே படாமல் மரத்தை உளுக்க வைக்கும். தாளை நான்கு பக்கச் சுவரில் மட்டும் அடியுங்கள். அடிப்பலகைகளைச் சேர்த்து அடிக்காமல் நடுவில் பென்சில் நுழையும் அளவு சந்து விட்டு, மேலே நிழல்வலைத் துண்டு ஒன்றை விரித்தால் மண் நிற்கும், தண்ணீர் போகும். அடியில் ஜல்லி கொட்டினால் வடிந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. மேல்மண் முழுக்கத் தண்ணீர் குடித்து நிறையும்வரை ஜல்லிக்குள் சொட்டு இறங்காது. அப்படியானால் ஈரம் நிற்கும் இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பெட்டியை மண்ணில் வைக்கக் கூடாது, செம்மண்ணில் கறையான் காத்துக்கொண்டிருக்கும். இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். இறவாரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். ஓட்டுத் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் எந்தப் பெட்டியும் தப்பாது.

மரம் கெடாமலிருக்க வண்டியில் வடித்த பழைய ஆயிலைப் பூசுகிறவர்கள் உண்டு. அது மண்ணுக்குள் கசிந்து வேரைக் கெடுக்கும். அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) பக்கம் கிடைக்கும் முந்திரித்தோட்டு எண்ணெய் நல்ல காப்பு, படகுக்கே பூசியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் மட்டும் பூசி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மண் போடுங்கள். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் கொப்பளித்துவிடும்.

சாதாரண இரும்பு ஆணி வேண்டாம், துருப்பிடித்து நெகிழும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ போடுங்கள். வைரம் பாய்ந்த மரம் வெடிக்கும் என்பதால் முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பலகையைக் கீழிருந்து ஆணியடித்துத் தொங்கவிடுவதுதான் பெரிய கோளாறு. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழம் என்றால் 85 லிட்டர். நனைந்த தோட்டமண் அதில் 130 கிலோவுக்கு மேல் நிற்கும். அவ்வளவு பாரத்தையும் ஆணி எப்படித் தாங்கும்? பக்கப்பலகையின் உள்ளே கீழோரத்தில் ஒரு சட்டம் அடித்து, அதன் மேல் அடிப்பலகையை உட்கார வையுங்கள். பருவப் பூவுக்கு எட்டு அங்குல ஆழமே தாராளம். செம்மண், மக்கிய சாணம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் பாரமும் குறையும். கதம்பை (தேங்காய் மட்டை) அழுகவிட்ட உப்பங்கழிப் பக்கத்து நார்க்கழிவு என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள், இல்லையென்றால் உப்பு நாற்றைக் கருக்கும்.

இனி நடுவது. ஓணத்துக்குப் பூ வேண்டும் என்று ஆடி கடைசியில் கேந்தி விதை போடுகிறார்கள், பூப்பதற்குள் ஓணம் போய்விடும். விதையிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஓணம் வரும் தேதியைப் பார்த்து அத்தனை நாள் பின்னால் எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜூன் பாதியிலிருந்து ஜூலை தொடக்கத்துக்குள் விதைக்க வேண்டியிருக்கும். அப்போது தென்மேற்கு மழை உச்சத்தில் இருக்கும் என்பதால் நாற்றைத் திண்ணையில் வைத்து, 25 நாள் வாக்கில் பெட்டிக்கு மாற்றுங்கள். செடி பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை வைக்கும். ஆனால் முதல் பூ சில நாள் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கென்றே பூ வேண்டுமானால் காசித்தும்பை. டிசம்பரில் மழை ஓய்ந்ததும் ஜீனியா. சித்திரை வெயிலுக்கு பத்துமணிப் பூ, அதைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விட மறந்தாலும் பாதகமில்லை.