அரசியல் முத்திரையை எப்படிப் படிப்பது? சோஷலிசத்தை வைத்து ஒரு பயிற்சி

ஒரு கட்சி தன்னை சோஷலிஸ்ட் என்று சொன்னால் உடனே அகராதியைப் புரட்டாதீர்கள். அந்தப் பெயரை எந்த வருடம், எந்தத் தேர்தலுக்கு முன்னால், யாரைச் சமாளிக்க எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

1955 ஜனவரியில், சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் "சோஷலிச பாணி சமுதாயம்"தான் இலக்கு என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே ஆந்திராவில் தேர்தல், அங்கே காங்கிரஸுக்குப் பெரிய சவாலாக இருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். கடைசியில் 196 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது 15தான். இதற்குத் தீர்மானம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, நேருவுக்கு அதில் உண்மையான பிடிப்பும் இருந்தது. ஆனால் மக்களுக்குப் பிடித்துப்போன ஒரு கொள்கைப் பெயரை எதிராளி மட்டும் வைத்துக்கொள்ள எந்தக் கட்சியும் விடாது. 1980இல் தொடங்கிய பாஜகவே "காந்திய சோஷலிசம்" பேசியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், பெயர் விரும்பி வைத்ததா, கட்டாயமா என்று பாருங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் எந்தக் கட்சியும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றில் பற்றுள்ளதாகத் தன் விதிகளில் எழுதியே ஆக வேண்டும். 1959இல் ராஜாஜி காங்கிரஸின் சோஷலிசத்தை எதிர்த்தே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். இன்று அப்படி ஒரு கட்சி வந்தாலும் அந்த வரியை எழுதாமல் பதிவு வாங்க முடியாது. எனக்கு இது சரியாகப் படவில்லை, எல்லோரும் எழுதித்தர வேண்டிய உறுதிமொழியிலிருந்து ஒருவருடைய கொள்கையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்து பணம் போகும் வழி. 1969இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கியது இந்திரா காந்தியின் அரசு, 1976இல் அரசியலமைப்பின் முகப்புரையில் "சோஷலிச" என்று சேர்த்ததும் அதுவே. 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கதவைத் திறந்துவிட்டதும் காங்கிரஸ் அரசுதான், முகப்புரையில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. அந்தச் சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இங்கே சோஷலிசம் என்பது மக்கள் நல அரசைக் குறிப்பதே, தனியார் தொழிலுக்கு அது தடையில்லை என்று விளக்கியது.

தனிமனிதர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் இவ்வளவு கணக்குப் பார்க்காதீர்கள். பலருக்கும் அந்த முத்திரை வீட்டிலிருந்தோ, கல்லூரி நண்பர்களிடமிருந்தோ, தொழிற்சங்கத்திலிருந்தோ வந்திருக்கும். நான் யார் பக்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல அது உதவுகிறது, அதில் தவறே இல்லை. "நீ சோஷலிஸ்டா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். மின்வாரியத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, ரேஷன் அரிசி எல்லோருக்குமா ஏழைகளுக்கு மட்டுமா, வாரிசுச் சொத்துக்கு வரி போடலாமா என்று கேளுங்கள். ஒரே முத்திரை குத்திக்கொண்ட இருவர் இந்த மூன்றுக்கும் வேறு வேறு பதில் சொல்வதைக் கேட்பீர்கள்.