எம்.எட். ஆய்வுத் தலைப்பை வகுப்பறையிலேயே பிடிப்பது எப்படி?

கணிதமோ அறிவியலோ படித்து, பி.எட். முடித்து, எம்.எட். சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.எட்.டில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. கடலூர்க்காரர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் எட்டுகிற தூரம்தான். எங்கே சேர்ந்தாலும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பலர் 'ஆசிரியர்களின் மனப்பான்மை' என்று ஒரு வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி அதை முடித்துவிடுகிறார்கள். கணிதம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்யும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில், தவறான விடைகளைச் சேகரியுங்கள். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். "35 நாலைவிடப் பெரிசு" என்று 0.35ஐச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். 0.4 என்று சரியாகச் சொல்கிறவர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் எண் சிறுத்துவிடும் என்று நம்புகிற பிள்ளையும் 0.4 என்றுதான் எழுதும், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்க 0.2, 0.75 கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் முதல் வகைப் பிள்ளை தப்பித்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒவ்வொருவரிடமும் "ஏன்?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இயற்பியல்காரர்கள், ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்து, மின்னோட்டம் முதல் பல்பில் செலவாகிவிடுமா என்று கேட்கலாம்.

அடுத்து, கேள்வியை ஆசிரியர் பக்கம் திருப்புங்கள். ஆசிரியர் கல்வி ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. சேர்த்த விடைத்தாள்களை பி.எட். மாணவர்களிடம் கொடுத்து, "இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது? அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள்?" என்று விசாரியுங்கள். பாடம் தெரிவது வேறு, பிள்ளை அந்தப் பாடத்தில் எங்கே தடுக்கி விழும் என்று தெரிவது வேறு. இந்த இரண்டாவது அறிவை 1986இல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் தனியாகப் பிரித்துக் காட்டினார். 'பெடகாஜிக்கல் கண்டென்ட் நாலெட்ஜ்' என்று தேடிப் படியுங்கள், தலைப்பு கூர்மையாகும்.

ஆய்வு மாதிரியை, அதாவது நீங்கள் தரவு சேர்க்கும் பள்ளிகளின் தொகுப்பை, கலக்காதீர்கள். கடலூர் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடநூல், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது சி.பி.எஸ்.இ. பேருந்தில் பக்கம்தானே என்று இரண்டையும் ஒரே தொகுப்பில் சேர்த்தால் முடிவு குழம்பும். பாடத்திட்டம் மாறிய பிறகு புதுச்சேரி ஆசிரியர்கள் தசமத்தை எப்படி வேறுவிதமாக நடத்துகிறார்கள் என்பதே நல்ல தனித் தலைப்பு.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கேள்வி, யாரிடம் கேட்பீர்கள், என்ன காட்டிக் கேட்பீர்கள், இவை போதும். கைடிடம் வெறுங்கையோடு போவதைவிட, இந்தப் பக்கத்தோடு பிள்ளைகளின் விடைத்தாள்கள் இரண்டை இணைத்துக் கொண்டுபோங்கள், பெயரை மறைத்துவிட்டு. பின்னாளில் பிஎச்.டி. எண்ணம் இருந்தால், மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதே துறைக்கான இடம். அங்கேயும் இந்த ஒரு பக்கக் குறிப்பு உதவும்.

தலைப்பு உறுதியானதும் அனுமதிக் கடிதத்தைத் தொடங்கிவிடுங்கள். கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர், புதுச்சேரியில் பள்ளிக்கல்வி இயக்ககம். தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் வகுப்பை விட்டுத்தர மாட்டார்; அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே தரவைச் சேர்த்து முடியுங்கள்.